தூண்டில் கோல் எத்தனை அடி வாங்குவது? கரைக்கும் படகுக்கும் ஒன்றே போதுமா?

பாயான் புதியவன் | வெள்ளி, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, சுங்கை ஆராவில் வீடு. இதுவரை நண்பர்களிடம் இரவல் வாங்கித்தான் மீன் பிடித்து வந்தேன். இப்போது சொந்தமாக ஒரு கோல் வாங்க 300 ரிங்கிட் எடுத்து வைத்திருக்கிறேன். ரீல் ஏற்கெனவே இருக்கிறது.

நான் அதிகம் போவது கர்ப்பால் சிங் டிரைவ் கடற்சுவருக்கு. எப்போதாவது பத்து மாவுங்கிலிருந்து நண்பரின் படகில் பாலத்தூண்கள் பக்கம் போவோம். மாமனார் வீடு பெனாகாவில். வயல் வாய்க்காலில் விரால் நிறைய இருக்கிறது, வாருங்கள் மருமகனே என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

கடைக்காரர் 12 அடிக் கோலைக் கையில் கொடுத்து, "நீளம் கூடினால் தூரம் கூடும், தூரம் கூடினால்தான் பெரிய மீன்" என்றார். படகு நண்பரோ, அதைத் தூக்கிக்கொண்டு என் படகில் ஏறாதே என்கிறார். நான் போவது மோட்டார் சைக்கிளில். ஒரே கோலில் மூன்று இடத்தையும் சமாளிக்க முடியுமா? முடியாதென்றால் முதலில் எதை வாங்குவது?


மணற்கரை | வெள்ளி, இரவு 9:50

தம்பி, கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. எறியும்போது நம் கைகள் நகரும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். கோல் நீண்டிருந்தால் நுனி அதே நேரத்தில் பெரிய வட்டத்தைக் கடந்தாக வேண்டும். அதனால் நுனியின் வேகம் கூடுகிறது. நரம்பின் (தூண்டில் நூலின்) முனையில் கட்டிய ஈயக்குண்டு கிளம்புவது நுனியின் வேகத்தில்தான்.

தெலுக் கும்பார் மணலிலும் பூலாவ் பெத்தோங் பக்கத்துப் பாசிர் பாஞ்சாங்கிலும் நான் நட்டு வைப்பவை 12, 13 அடிக் கோல்கள். அங்கே கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகிறது. இரை அலை உடையும் இடத்தைத் தாண்டி விழவேண்டும். அதோடு, கோலை மணலில் புதைத்த குழாயில் செருகி வைக்கும்போது நுனி உயரத்தில் நிற்கிறது. நரம்பு அலையின் தலைக்கு மேலாகப் போகிறது. குட்டைக் கோல் என்றால் ஒவ்வோர் அலையும் நரம்பை அறைந்து ஈயத்தைக் கரைப்பக்கம் உருட்டிவிடும்.

ஆனால் நீளம் மட்டும் தூரத்தைத் தராது. 12 அடிக் கரைக்கோலை நன்றாக வளைக்க 100 கிராம் அளவில் ஈயம் வேண்டும். 30 கிராம் ஈயத்தைக் கட்டினால் கோல் வளையாது, வளையாத கோல் எறியாது. கோலின் மேலேயே எடை வரம்பு அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

கனமான ஈயத்தை எறிகிறவர்கள் முன்னால் தடித்த நரம்பு கட்டியே ஆக வேண்டும். ஈயம் ஒரு அவுன்சுக்கு, அதாவது சுமார் 28 கிராமுக்கு, 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு என்பது பழைய கணக்கு. 4 அவுன்ஸ் ஈயத்துக்கு 40 பவுண்டு நரம்பு. அதன் நீளம் கோலைப் போல் இரு மடங்கும் ரீலில் சில சுற்றுகளும். 12 அடிக் கோலுக்கு 7 மீட்டரைத் தாண்டும். இதைக் கட்டாமல் முழு பலத்தோடு எறிபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நரம்பு அறுந்தால் அந்த ஈயம் பக்கத்தில் நிற்பவரின் தலைக்குத்தான் போகும். விடுமுறை நாட்களில் கடற்கரையில் குழந்தைகள் ஓடுகிறார்கள்.


பாலத்தடி | வெள்ளி, இரவு 10:31

மணலில் அது சரி. பாலத்தூண் பக்கம் 12 அடியோடு வந்தால் மீன் போய்விடும்.

1985-இல் திறந்த முதல் பாலமானாலும் 2014-இல் திறந்த இரண்டாம் பாலமானாலும் தூண்களில் சிப்பியும் கொட்டலசும் அப்பிக்கிடக்கின்றன. சியாக்காப் (நம் கொடுவாதான்) தூண்டில் முள் ஏறியதும் தூணை நோக்கி ஓடும். நரம்பு ஒரு முறை உரசினால் போதும், அறுந்துவிடும். முதல் சில விநாடிகளில் அதன் தலையைத் திருப்ப வேண்டும். இங்கே தூரம் எறிவதற்கு எதுவும் இல்லை. படகே நம்மைத் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது.

நீளமான கழியின் நுனியில் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பாருங்கள், பிறகு கழியின் பாதியில் தொங்கவிட்டுத் தூக்கிப் பாருங்கள். கோலிலும் நடப்பது அதுதான். முன்கைக்கும் நுனிக்கும் நடுவே 1.5 மீட்டர் இருந்து மீன் 3 கிலோ விசையில் இழுத்தால், உங்கள் கை தாங்கும் திருப்புவிசை 1.5 × 3 = 4.5. அதே மீன், அதே இழுப்பு, இடைவெளி 3 மீட்டர் என்றால் 9. கோல் வளைவதால் இந்தக் கணக்கு கொஞ்சம் குறையும். ஆனால் நீண்ட கோலில் மீனுக்குத்தான் ஆதாயம் என்பது மாறாது. எறியும்போது நமக்கு உதவிய அதே நீளம், மீன் இழுக்கும்போது மீனின் பக்கம் போய் நின்றுகொள்கிறது.

இன்னொன்று, மீன் படகுக்கு அடியில் புகுந்தால் கோலோடு படகின் முனையைச் சுற்றிப் போக வேண்டும். 6 அடிக் கோலோடு சுற்றலாம். நீண்ட கோல் படகின் விளிம்பில் பட்டு அங்கேயே உடையும்.

பாலத்தூணுக்கு 6 அடி முதல் 6 அடி 6 அங்குலம். 20 முதல் 30 பவுண்டு பின்னல் நூல். முன்னால் தடித்த தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) கட்டாயம். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி விளிம்பு கொண்டது.


பாயான் புதியவன் | வெள்ளி, இரவு 10:44

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் ஒரே கோல் என்ற பேச்சுக்கே இடமில்லையா? நடுவில் 8 அடி வாங்கினால் இரண்டுக்கும் ஆகாதா?


பாலத்தடி | வெள்ளி, இரவு 10:52

8 அடி படகில் இடிக்கும், கடற்சுவரில் பற்றாது. நடுவில் நிற்பது எல்லா இடத்திலும் நடு அல்ல, தம்பி.


கடற்சுவர் | சனி, காலை 6:20

நான் கர்ப்பால் சிங் டிரைவ்வாசி. அந்தச் சுவரில் எத்தனை அடி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 9 சொல்வேன், உயரமானவர்களுக்கு 10.

காரணம் தூரம் அல்ல. கல்தான். சுவருக்குக் கீழே கற்கள் சரிவாகக் கொட்டிக் கிடக்கின்றன. நீர் ஏறியிருக்கும்போது தெரியாது, வற்றும்போது பார்த்தால் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று புரியும். மீன் கடைசியில் அந்தக் கற்களுக்குள்தான் நுழையப் பார்க்கும். நுனி கல்வரிசையைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் நரம்பு கல்லில் படாமல் மீனை நடத்திக் கொண்டுவரலாம். 6 அடிக் கோலை வைத்துக்கொண்டு சுவர்மேல் நின்றால் நரம்பு கல்லின் மேல்தான் படுக்கும்.

பிறகு ஏன் 12 வேண்டாம்? அங்கே பெரிய அலை கிடையாது. மலாக்கா நீரிணையின் உட்பக்கம், மறுகரையில் பிறை. இரை அலையைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. கத்தாளையும் கெளுத்தியும் கல்லோரத்திலேயே மேய்கின்றன. எல்லாரும் தலைக்கு மேலாக வெகுதூரம் எறிகிறார்கள். மீன் அவர்கள் காலடியில் இருக்கிறது! 40 முதல் 60 கிராம் ஈயம் இங்கே போதும், நீரோட்டம் வலுத்திருக்கும் நாட்களில் கொஞ்சம் கூடுதலாக. அந்த எடைக்கு 9 அடிக் கோல் நன்றாக வளையும். சுவரில் மாலை நேரத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். 12 அடியைப் பின்னால் சாய்த்து எறிய இடம் எங்கே இருக்கிறது?

மீனைக் கோலாலேயே சுவர்மேல் தூக்காதீர்கள். கோலை நேர்நிமிர்த்தித் தூக்கினால் முழுச் சுமையும் நுனியில் விழும், நுனி முறியும். கயிற்றில் இறக்கும் வட்ட வலை ஒன்று வாங்குங்கள். கெளுத்தி (செம்பிலாங்) வந்தால் கையால் தொடாதீர்கள். முதுகிலும் பக்கத்திலும் உள்ள முட்களில் நஞ்சு.


ஜெட்டி அக்கா | சனி, காலை 9:05

எல்லாரும் கோலின் மொத்த நீளத்தையே பேசுகிறீர்கள். பிடிக்கிறவரின் உடம்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான் உயரம் குறைவு. கடைக்குப் போனால் பெண்களுக்கு இது போதும் என்று 5 அடிக் கோலை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு வேண்டியது குட்டைக் கோல் அல்ல, குட்டை அடிப்பிடி. ரீல் உட்காரும் இடத்திலிருந்து கோலின் அடி வரை உள்ள நீளம்தான் இரு கைகளும் எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அந்தப் பகுதி கைக்கு மிஞ்சி நீண்டிருந்தால் கீழ்க்கை இழுக்கவும் முடியாது, மேல்கை தள்ளவும் முடியாது. 13 அடிக் கோல் கையில் இருந்தும் 9 அடிக் கோலின் தூரம்கூடப் போகாது.

சோதிப்பது எளிது. கோலின் அடியை அக்குளில் வைத்து, கையைக் கோலோடு நீட்டுங்கள். ரீல் இருக்கும் இடம் உள்ளங்கைக்கு வந்தால் அளவு சரி. விரல்களைத் தாண்டி அப்பால் இருந்தால் அந்தக் கோல் உங்களுக்கு இல்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

எனக்குப் பிடித்த வேலை ஜெட்டியில் கணவாய் பிடிப்பது. இறால் வடிவப் போலி இரையை இரண்டு மூன்று முறை வெடுக்கென்று மேலே இழுத்துப் பிறகு அடங்க விடுவோம். கணவாய் அது இறங்கும்போது பிடிக்கிறது. இழுக்கும்போது தொய்ந்து கிடக்கும் நரம்பை எல்லாம் ஒரே வீச்சில் எடுக்க வேண்டும். அதற்கு 8 அடி, 8 அடி 6 அங்குலம். கோல் மிக லேசாக இருக்க வேண்டும், இரவெல்லாம் கையிலேயே இருக்கப் போகிறது. அதே கணவாய்க்குப் படகில் போனால் 7 அடிக்கு மேல் எடுக்க மாட்டேன்.

தக்கை போட்டுப் பிடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நரம்பில் அசையாமல் கட்டிய தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளி கோலின் நீளத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எறியவும் முடியாது, மீனைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. தெலுக் பகாங் ஜெட்டியில் நீர் ஏறியிருக்கும்போது 7 அடிக் கோலால் அடிவரை தொட முடியாது. அப்போது நரம்பில் ஒரு தடை முடிச்சுப் போட்டு, வழுக்கி ஓடும் தக்கையைக் கோத்துவிடுங்கள். 6 அடிக் கோலாலும் ஆழத்தில் பிடிக்கலாம்.


பழைய சம்பான் | சனி, பகல் 11:40

பிள்ளைகளே, இவ்வளவு நேரம் படித்துவிட்டு எழுதுகிறேன். ஆற்று இறாலை ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் சுங்கை மூடா. ஒரு கரை கெடா, மறு கரை பினாங்கு. சம்பானை நங்கூரம் போட்டு நிறுத்தி, உடாங் காலாவுக்கு நான்கு ஐந்து கோல்களைப் பக்கவாட்டில் வரிசையாகச் சாய்த்து வைப்போம். ஒவ்வொன்றும் நாலரை அடியிலிருந்து ஐந்தரை அடி வரை. நீண்ட கோல் இங்கே எதற்கும் உதவாது. எறிவதே இல்லை, இரையை நேராகக் கீழே இறக்குகிறோம். மேலே நீப்பா ஓலையும் கிளைகளும் தாழ்ந்து நிற்கின்றன. இறால் நீர்மட்டத்துக்கு வந்ததும் ஒரு கையில் கோல், மறு கையில் வலை. 7 அடிக் கோல் என்றால் இறால் கைக்கெட்டாத தூரத்தில் தொங்கும். அது வாலை ஒரு முறை மடக்கி அடித்தால் பின்பக்கமாகப் பாய்ந்து தப்பிவிடும். அதனால் வலையை வால்பக்கமிருந்து கொண்டுபோக வேண்டும்.

நீளத்தைவிட நுனிதான் முக்கியம். இறால் மீனைப்போல் வந்து கவ்வாது. இடுக்கியால் இரையைப் பிடித்து, தனக்கு வசதியான இடத்துக்கு நடத்திக்கொண்டு போய், அதன்பிறகு நிதானமாகத் தின்னும். கோலின் நுனி மெல்லத் தாழும், நிமிரும், மறுபடி தாழும். முதல் தாழ்வில் இழுத்தால் இடுக்கி விட்டுவிடும். நுனி விறைப்பாக இருந்தால் அது எதிர்ப்பை உணர்ந்து இரையைப் போட்டுவிடும். அதற்காகத்தான் எங்கள் கோல்களில் கடைசி ஒரு முழம் உள்ளே துளையில்லாத மெல்லிய கண்ணாடி இழையில் செய்யப்பட்டிருக்கும், விரலால் தொட்டாலே வளையும். இரண்டாம் முறை தாழ்ந்து அங்கேயே நின்றால், வெடுக்கென்று இழுக்காமல் கோலைத் தூக்கிச் சுமையை உணர்ந்தபடி ரீலைச் சுற்றுங்கள். தொய்வு மட்டும் விடக் கூடாது.

வயிற்றில் முட்டை சுமக்கும் இறாலைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். அது உவர்நீர்ப் பக்கம் இறங்கிப் போய்த்தான் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கு உப்புக் கலந்த நீர் வேண்டும். அதைத் தின்றுவிட்டு ஆற்றில் இறால் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுவதில் நியாயம் இல்லை.


மணற்கரை | சனி, பிற்பகல் 2:15

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

பாலத்தடி அண்ணனுக்கு ஒரு கேள்வி. படகில் குட்டைக் கோல்தான் என்று அடித்துச் சொல்கிறீர்கள். அப்போலோ போடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? நான்கைந்து முட்கள் வரிசையாகக் கட்டிய அந்தச் சரம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். 6 அடிக் கோலில் சரத்தின் மேல்முனை நுனி வளையத்தில் முட்டிய பிறகும் கடைசி முள்ளும் ஈயமும் தண்ணீரிலேயே கிடக்கும். கையால் சரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும், அசைகிற படகில் முள் யார் கையில் ஏறும் என்று தெரியாது.


பாலத்தடி | சனி, பிற்பகல் 3:02

அப்போலோவுக்கு நீங்கள் சொல்வது சரி. கும்புளா பிடிக்கச் சரம் இறக்குபவர்கள் 7 அடி, சரம் நீளமென்றால் 8 அடிகூட எடுக்கிறார்கள். கோல் மென்மையாகவும் இருக்க வேண்டும். படகு எகிறும்போது வளைந்து கொடுக்காவிட்டால் மீன்களின் வாய் கிழிந்துவிடும். நான் சொன்னது தூணோரம் ஒற்றை முள்ளில் உயிர் இறால் கோத்து இறக்குவதற்கு. அதில் மாற்றம் இல்லை.


நரம்பு முடிச்சு | சனி, மாலை 5:30

ஆழ்கடல் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். புலாவ் பேராக் பக்கம் போகும் படகுகளில் ஒரே ஆளிடம் இரண்டு விதக் கோல்களைப் பார்ப்பீர்கள். உலோக ஜிக்கை (கனமான போலி இரையை) நேராக இறக்கி மேலும் கீழும் ஆட்டுவதற்கு 5 முதல் 6 அடி 6 அங்குலம். மெதுவாக ஆட்டும் ஜப்பானிய முறைக்கு 6 அடியைக் கொஞ்சம் தாண்டியது. மணிக்கணக்கில் ஆட்டும் வேலை, ஒவ்வோர் அங்குலமும் தோளில் தெரியும். அதே படகிலிருந்து நீர்மேல் ஓடும் கனமான போலி இரையைத் தூர எறிவதற்கு 7 அடி 6 அங்குலம் முதல் 8 அடி 6 அங்குலம் வரை. படகு ஒன்று, மீன் ஒன்று, செய்கிற வேலை வேறு, அதனால் நீளமும் வேறு.

முன்பு நைலான் நரம்பு இழுபடும் என்பதால் முள்ளை ஏற்ற நீண்ட கோலால் ஓங்கி இழுக்க வேண்டியிருந்தது. பின்னல் நூல் அநேகமாக இழுபடுவதே இல்லை. அதனால் ஆழத்திலும் குட்டைக் கோல் வேலை செய்கிறது. எவ்வளவு குட்டை வரை போகலாம் என்பவர்களுக்கு: சர்வதேச விளையாட்டு மீன் சங்கத்தின் சாதனைப் பதிவு விதியில், ரீலின் நடுவுக்கு நேர்கீழிருந்து நுனி வரை 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அங்கிருந்து அடி வரை 27 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கரையிலிருந்து எறியும் நீண்ட கோல்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.


வயல் வாய்க்கால் | சனி, இரவு 8:48

பெனாகாவில் மாமனார் வீடா! கொடுத்து வைத்தவர். அங்கே விராலுக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

வாய்க்கால் அகலம் குறைவு, நாலு எட்டில் கடந்துவிடலாம். ஆனால் இரு கரையிலும் இடுப்பளவு புல். தவளைப் பொம்மையை எதிர்க்கரைப் புல்லோரம் விழவைத்துத் துள்ளத் துள்ள இழுக்கும்போது நரம்பு நம் கரைப் புல்லில் சிக்கக் கூடாது. விரால் கவ்வியதும் தலையை நிமிர்த்திப் பாசிக்கு மேலாகச் சறுக்கிக் கொண்டுவர வேண்டும். அதற்காக நான் 7 அடி 6 அங்குலம் வைத்திருக்கிறேன், 8 அடி வைத்திருப்பவர்களும் உண்டு. அடிப்பகுதி பலமாக இருக்க வேண்டும். ஏரியில் படகிலிருந்து தோமான் பிடிப்பவர்கள் 6 அடி, 6 அடி 6 அங்குலம் என்பார்கள். அவர்கள் முன்னால் புல் இல்லை, மரக்கிளைக்கு அடியில் தாழ்வாக எறிய வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்து மீன், கோல் வேறு.

மிக முக்கியமான ஒன்று. வயல் பாதையோரம் மின்கம்பிகள் போகின்றன. கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கோலை உயர்த்திப் பிடித்தபடி கம்பிக்கு அடியில் நடக்காதீர்கள், எறிவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். இடி கேட்டால் கோலைக் கீழே படுக்க வைத்துவிட்டு, திறந்தவெளியை விட்டு வீட்டுக்கோ வண்டிக்கோ போய்விடுங்கள். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் வானம் சட்டென்று கறுக்கிறது. வெட்டவெளியில் ஆளைவிட உயரமாகக் கார்பன் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது உயிரோடு விளையாடுவது. நீளமான கோலைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.


பாயான் புதியவன் | ஞாயிறு, காலை 7:55

மிகவும் நன்றி. ஒரு யோசனை: அலுவலகத்தில் ஒருவர் பழைய 12 அடிக் கோலைச் சும்மா தருகிறேன் என்கிறார். அதை வெட்டி 9 அடி ஆக்கிக்கொள்ளலாமா? இரண்டாவது, கோலில் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரியவில்லை.


கோல் பட்டறை | ஞாயிறு, காலை 10:10

உடைந்த கோல்களைச் சரிசெய்வதும் புதிதாகக் கட்டுவதும் என் பகுதிநேரத் தொழில். வெட்டாதீர்கள், தம்பி.

கோல் அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் வருகிறது. நுனியில் 3 அடி வெட்டினால் வளையும் பகுதி முழுவதும் போய்விடும், மிச்சம் இருப்பது விறைத்த கழி. கத்தாளை கடித்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. 100 கிராம் எறியக் கட்டிய கோல், வெட்டிய பிறகு இன்னும் கனமான ஈயத்தைக் கேட்கும். நீங்கள் எறியப்போவது 50 கிராம். அடியில் வெட்டினால் ரீல் இருக்கையைக் கழற்றி மேலே நகர்த்த வேண்டும், வளையங்களின் இடைவெளியை மாற்றிக் கட்ட வேண்டும். அந்தச் செலவுக்குப் புதுக் கோல் வந்துவிடும். சும்மா கிடைப்பதை அப்படியே வாங்கி வைத்து, மணற்கரை அண்ணனோடு தெலுக் கும்பார் போகும் நாளில் எடுத்துச் செல்லுங்கள்.

எண்களைப் பற்றி. 702 என்றிருந்தால் பெரும்பாலும் 7 அடி 0 அங்குலம், 2 துண்டு. 662 என்றால் 6 அடி 6 அங்குலம், 2 துண்டு. முன்னால் எஸ் எழுத்து இருந்தால் கீழே தொங்கும் ரீலுக்கு, சி என்றால் மேலே உட்காரும் ரீலுக்கு. பின்னால் எல், எம், எச் எழுத்துகள் பலத்தைச் சொல்கின்றன. எல் மெலிது, எம் நடுத்தரம், எச் கனம். இழுத்து நீட்டும் கோல்களில் 360, 450 என்று சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். 360 என்பது ஏறக்குறைய 12 அடி. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், அதனால் பக்கத்தில் எழுதியிருக்கும் ஈய எடையையும் நரம்பு அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே 9 அடியில் 15 கிராம் எறியும் கோலும் உண்டு, 100 கிராம் எறியும் கோலும் உண்டு. நீளத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் பிறகு என் பட்டறைக்கு வருகிறார்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு: 9 அடி இரண்டு துண்டு என்றால் ஒவ்வொன்றும் நாலரை அடி. பிளாஸ்டிக் குழாயில் போட்டு வண்டியோரம் நெடுக்காகக் கட்டலாம். 12 அடியில் இரண்டு துண்டு என்றால் துண்டுக்கு 6 அடி, பாலத்தின் பக்கக்காற்றில் அது ஆபத்து. மூன்று துண்டாகப் பாருங்கள். இழுத்து நீட்டும் கோல் பையில் அடங்கும். ஆனால் மூட்டுக்கு மூட்டு மணல் புகுந்து தேயும், வளையங்கள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கடலுக்குப் போய் வந்தால் எந்தக் கோலானாலும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு முதலில் தின்பது வளையத்தின் காலை.


பாயான் புதியவன் | ஞாயிறு, மாலை 6:37

வாங்கிவிட்டேன். 9 அடி, இரண்டு துண்டு, ஈய வரம்பு 30 முதல் 70 கிராம். ஜெட்டி அக்கா சொன்னபடி அக்குளில் வைத்துப் பார்த்தேன். முதலில் எடுத்த கோலில் ரீல் விரல் நுனியையும் தாண்டி நின்றது, இரண்டாவது சரியாக வந்தது. கடைக்காரருக்கே இந்தச் சோதனை புதிதாக இருந்தது. படகுக்கு நண்பரிடம் இருக்கும் 6 அடி 6 அங்குலக் கோலை இப்போதைக்கு எடுத்துக்கொள்கிறேன். விரால் அடுத்த போனசுக்குப் பிறகுதான்.


கடற்சுவர் | ஞாயிறு, மாலை 7:01

நல்லது. நீர் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள், கல்லோரம் இருக்கும் மீன் அப்போதுதான் மேயவரும். வட்ட வலை என்னிடம் இருக்கிறது.


பூலாவ் தீக்கூஸ் அப்பா | திங்கள், இரவு 8:15

இழையை முழுதும் படித்தேன். என் மகளுக்கு எட்டு வயது, எனக்கும் வேண்டும் அப்பா என்று கேட்கிறாள். பொம்மைக் கடையில் விற்கும் மூன்றடிக் கோல் போதுமா?


ஜெட்டி அக்கா | திங்கள், இரவு 9:30

போதாது. மூன்றடியில் எறியப் பழக முடியாது, நரம்பு காலடியிலேயே விழும், பிள்ளைக்குச் சலிப்பு வந்துவிடும். 5 அடி அல்லது 5 அடி 6 அங்குலம், மெலிந்த வகை, கண்ணாடி இழைக் கோல். கார்பனைவிடக் கொஞ்சம் கனம்தான். ஆனால் கதவிடுக்கில் மாட்டினாலும் தரையில் விழுந்தாலும் எளிதில் உடையாது. அடிப்பிடி அவள் முழங்கைக்குள் அடங்க வேண்டும், அதை அவளையே பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். சின்ன ரீல், 6 பவுண்டு நரம்பு, சின்னத் தக்கை, முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், விரலில் ஏறினாலும் எளிதாக வெளியே வரும். முதல் நாள் கடலுக்குக் கூட்டிப் போக வேண்டாம். கூரை போட்ட கட்டணக் குளத்துக்குப் போங்கள், ரொட்டி உருண்டைக்கு ரோகு வரும். பெரிய ரோகு மாட்டினால் கோலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளாதீர்கள், ரீல் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் இறுக்கத்தை மட்டும் கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள்.